வெறும் தண்ணீரில் மீன்

அக்டோபர் 14, 2024. திங்கள்

நீலகிரியில் இத்தலாருக்குக் கீழே இந்தத் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்து நாலு மாதம். இன்றைய அட்டைக்கடி: ஏழு.

என்னைக் கேட்டால், மீன் ஆராய்ச்சி என்பது மீனைப் பார்க்காமலே காலம் தள்ளுகிற வேலை. மீன் நீந்தும் தண்ணீரில் அதன் சளி, செதில், கழிவு எல்லாம் உதிரும். அதில் மரபணுத் துணுக்கு இருக்கும். தண்ணீரை வடிகட்டி அந்தத் தாளைக் கோவை லேபுக்குக் கொடுத்தால் எல்சா எந்த மீன் என்று சொல்லிவிடுவாள். நான் தேடுவது மலை அயிரை. விரல் நீளம், கல்லுக்கடியில் கிடக்கும். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன் பெருகிய பிறகு இந்த ஓடையில் அதை யாரும் பார்த்ததில்லை. இருக்கிறது என்று அடம்பிடிப்பவள் நான் ஒருத்திதான்.

என் ஆராய்ச்சி வழிகாட்டி பாலசுப்பிரமணியம் சார் போனில் சொன்னார்: "ஸ்வேதா, இதுதான்மா கடைசி ரவுண்டு. இதுலயும் இல்லைன்னா அந்த ஓடையைப் பாதுகாப்புப் பட்டியல்ல இருந்து எடுத்துடலாம்."

எடுத்துவிட்டால் என் மூன்று வருட உழைப்பில் பாதி போய்விடும். அயிரைக்கு ஒரு ஓடை குறையும்.

அக்டோபர் 15

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் மூக்கன் அண்ணனைத் தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்கத் திட்டித் தீர்த்தன. நான் அம்சவேணி அக்கா வீட்டு முன்னறையில் தங்கியிருக்கிறேன். கொழுந்து பறிக்கக் கிளம்பும் அவசரத்திலும் எப்படியோ டீ போட்டுக் கொடுத்துவிட்டார். சப்பென்று இருந்தது. இருந்தாலும் குடித்து முடித்தேன்.

அக்டோபர் 16

ஓடையில் ஐந்து இடம், ஐந்து தாள். ஆறாவது தாள் வெறும் மாதிரி: லேபிலிருந்து கேனில் கொண்டுவந்த டிஸ்டில்டு வாட்டரை அதே கருவியில் வடிகட்டுவது. அதில் ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்தால் கை சுத்தமில்லை என்று அர்த்தம், மொத்தமும் குப்பைக்கு.

பஸ்ஸில் கோவை போய் எல்சாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். சாமி, ஒரே ஒரு தாளிலாவது!

அக்டோபர் 28

எல்சா கூப்பிட்டாள். குரலே சரியில்லை. ஓடைத் தாள் ஐந்திலும் டிரவுட் மட்டும். வெறும் மாதிரியில் மலை அயிரை. மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டாளாம்.

மீனே இருக்கக் கூடாத தண்ணீரில் மட்டும் மீன்! சாருக்கும் தெரிந்துவிட்டது. "எங்கேயோ கை பட்டிருக்கு. விட்டுடும்மா," என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அக்டோபர் 29

தீபாவளிக்கு வரவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எந்த மூஞ்சியோடு போவது?

அக்டோபர் 30

அக்கா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். நான் ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்டார். சொன்னேன். அழுகையும் வந்துவிட்டது. அச்சைக் கீழே வைத்துவிட்டார்.

"கண்ணு, கோவிச்சுக்காதே. உன்ர கேன்ல நாந்தான் கை வெச்சேன். அன்னிக்குக் குழாய்ல தண்ணி வரலையா, அதுல மோந்து டீ வெச்சேன். டீயா அது? ருசியே இல்லே. உனக்கு ஆரோ கெட்ட தண்ணிய வித்துப்போட்டாங்கன்னு நெனச்சு, குழாய் வந்ததும் மிச்சத்தையும் கீழ ஊத்திப்போட்டு நம்ம நல்ல தண்ணிய ரொப்பி வெச்சுட்டேன்."

கத்துவதற்காக வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. அப்படியென்றால் அயிரை என் கையிலிருந்து வரவில்லை—

"அக்கா, இந்தக் குழாய்த் தண்ணி எங்கிருந்து வருது?"

"மேல சோலைக்குள்ள ஊத்து இருக்குதே, அங்கிருந்துதான். ஏங்கண்ணு?"

கட்டிப்பிடித்துக்கொண்டேன். ரெண்டு பேர் மேலும் முறுக்கு மாவு.

அக்டோபர் 31. தீபாவளி

மூக்கன் அண்ணன் புதுச்சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் ஏறினார். ஓடையை ஒட்டியே ஒரு மணி நேரம். பிறகு ஒரு வீட்டு உயரத்துக்குச் சின்ன அருவி. டிரவுட் இதைத் தாண்டி ஏற முடியாது! அதற்கு மேலே கட்டில் அகலத்துக்கு ஒரு குட்டை, பக்கத்தில் எஸ்டேட் தண்ணீர்த் தொட்டி. ஊற்றில் பாதிக்கு மேல் குழாய்க்கே போய்விடுகிறது. மிச்சம் ஓடையில் கலந்து கரைந்து என் தாளுக்கு எட்டவில்லை.

ஒரு கல்லைப் புரட்டினேன். சட்டென்று ஒன்று நழுவியது. பழுப்பு உடம்பில் கறுப்புப் பட்டை, குட்டி மீசை. அதேதான். பதினொன்று எண்ணினேன், அப்புறம் கண்ணீர் மறைத்துவிட்டது.

"இதுகளா?" என்றார் அண்ணன். "தொட்டிக்குள்ள வந்து விழுமுங்க. அள்ளி மறுக்கா மேலயே உட்ருவனுங்க. பதினெட்டு வருசமா இதே வேலைதான்."

"ஏண்ணே சொல்லலை?"

"நீங்க ஓடையிலதான தேடுனீங்க? ஊத்தப் பத்தி ஒருத்தரும் கேக்கலீங்களே."

உட்கார்ந்து சிரித்தேன். வயிறு வலிக்கும்வரை சிரித்தேன்.

நவம்பர் 21

புதுக் கேன், புது மாதிரி. வெறும் தண்ணீர் வெறும் தண்ணீராகவே இருந்தது. ஊற்றுத் தண்ணீரில் அயிரை. சார் நேரில் வந்து குட்டையருகே குப்புறப் படுத்துப் பார்த்தார். பேன்ட் முழுக்கச் சேறு. எழுந்திருக்க மனமே இல்லை அவருக்கு. ஓடை பட்டியலில் இருக்கிறது.

டிசம்பர் 9

கேனைத் துணியில் சுற்றி அலமாரி உச்சியில் ஏற்றிவைத்திருக்கிறார் அக்கா. நானே ஸ்டூல் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

காலையில் மறுபடியும் குழாய் நின்றது. டீ இல்லை. மூக்கன் அண்ணன் மேலே போய்விட்டு இறங்கி வந்தபோது லைன் முழுக்க வாசலில் நின்றது. அம்சவேணி அக்கா கையில் காலிக் குடம்.

"என்னுங்கண்ணா," என்றார், "மீனுகளெல்லாம் நல்லாயிருக்குதுங்களா?"