கருந்தேள் கர்ணன் சொன்னது சரிதான்

சின்னமனூர்
ஆனி 14

அன்பு மகன் விஜய்பாண்டிக்கு அம்மா முனீஸ்வரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா தேவயானியும் மாப்பிள்ளை சுரேஷ்கண்ணனும் சுகமாக இருக்கிறோம், அங்கே இங்கிலாந்தில் நீ கை கால் கழுத்தோடு முழுசாக இருக்க வேண்டும் என்று குச்சனூர் போய் எள் விளக்குப் போட்டுவிட்டு வந்தேன். தேவயானிக்குப் பெரியகுளத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது, தினம் பஸ்ஸில் போய் வருகிறாள். பெரியாற்றுத் தண்ணீர் வந்து நாற்றுப் பாவிவிட்டோம். உங்க அப்பா போய் ஐந்து மாதம் ஆகிறது, அவர் குளிக்க எட்டு வாளி பிடித்து வைப்பேன் அல்லவா, இப்போதும் கை தன்னால் எட்டு வாளி பிடித்துவிடுகிறது, மிச்சத்தை வாழைக்கு ஊற்றுகிறேன், அது தளதளவென்று நிற்பதைப் பார்த்தாலும் அழுகைதான் வருகிறது. இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்பாய். போனில் பேசினால் நீ பாதியில் வெட்டுவாய், போனில் எழுதினால் அதையும் எல்லோரும் பார்க்கப் போட்டுவிடுவாய். ஐந்தாவது படித்த எழுத்தை வைத்துக்கொண்டு மூன்று நாளாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடு.

கூடலூர் கர்ணன் ஒரு யூடியூப்காரனுக்குக் கொடுத்த பேட்டியை நானும் பார்த்தேன். உங்க அப்பாவோடு பதினாறு வருசம் தேனி, கம்பம், போடி, ஆண்டிபட்டி என்று மேடை மேடையாக மல்லுக்கட்டிய ஆள், நோட்டீசில் உங்க அப்பா சுருளிச் சிங்கம், அவர் கருந்தேள். அவரிடம் உன் வீடியோவைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். அதில் நீ அந்த வெள்ளைக்காரப் பையனை ஏணி மேலிருந்து தூக்கிப் போடுகிறாய், அவன் எழுந்திருக்காமல் கிடக்கிறான், நீ கயிற்றின் மேல் ஏறி இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தைக் கத்தச் சொல்கிறாய். அதைப் பார்த்துவிட்டு அவர், இது சுருளிவேலு மகனா, அவங்கப்பன் எனக்கு எதிரிதான், ஆனா என்னைய ஆயிரந்தடவ தூக்கிப் போட்டிருக்கான் ஒரு நரம்பு பெசகுனதில்ல, இந்தப் பய கீழ கெடக்குறவனப் பாக்காம கூட்டத்தப் பாக்குறான், இதுக்குப் பேரு மல்யுத்தம் இல்லடா, கொரங்கு மரந்தாவுறது என்று சொன்னார். உடனே நீ பதிலுக்கு ஒரு வீடியோ போட்டாய், பெருசுக்குப் பொறாமை, காலம்பூரா மூணு பிடிதான் தெரியும், எங்கப்பா சாவுக்குக்கூட எட்டிப் பாக்காத ஆளு என்னையப் பேசுறாரு என்று. அதோடு விட்டாயா, உன் சண்டைக் கம்பெனிக்காரர்கள் உன்னைப் பற்றிப் படம் எடுக்கிறார்களாம், அப்பா இருந்திருந்தால் இதைப் பார்த்து சந்தோசப்பட்டிருப்பார், கர்ணன் பேசுவது வயிற்றெரிச்சல் என்று நான் இரண்டு நிமிசம் பேச வேண்டுமாம், மாப்பிள்ளையை அனுப்பினாய். தலைவலி என்று சொல்லித் திருப்பிவிட்டேன். தலைவலி எல்லாம் ஒன்றும் இல்லை.

இனிமேல் நான் சொல்லப்போவது உங்க அப்பாவுக்கும் எனக்கும் கர்ணனுக்கும் மட்டும் தெரிந்தது. சண்டை பேசி வைத்துப் போடுவதுதான் என்பது அதே தொழிலில் இருக்கிற உனக்குத் தெரியும், ஆனால் அவர்கள் இரண்டு பேரும் எப்படி இருந்தார்கள் என்பது தெரியாது. கல்யாணமான புதிதில் எனக்கும் எதுவுமே தெரியாது. தேனியில் நடந்த சண்டையில் அந்த ஆள் உங்க அப்பா கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்துகிறார், உங்க அப்பா கண் சொருகிக் கிடக்கிறார், நான் முன்வரிசையிலிருந்து எழுந்து மேடை ஏறிக் கையிலிருந்த தூக்குச்சட்டியால் அவர் மண்டையில் ஒரு போடு போட்டேன். புருவம் கிழிந்து ரத்தம் ஊற்றியது, தழும்பு பேட்டியில்கூடத் தெரிகிறது. அவர் என்னை முறைத்துவிட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு போனார். உங்க அப்பாவும் வீட்டுக்கு வந்து, விடு முனீசு, அந்தப் பயல அடுத்த வாரம் நான் பாத்துக்கிறேன் என்று என்னைத் தேற்றினார். பதினோரு வருசம் அந்த மனுசனைக் கரித்துக் கொட்டினேன். உனக்கு மூன்று வயதில் உங்க அப்பா மஞ்சள்காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார், நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனால் அந்த ஆள் கட்டிலில் உட்கார்ந்து அவருக்கு மோர் புகட்டிக்கொண்டிருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டேன். உங்க அப்பா படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டு, ஆத்தா அடிச்சிராத, அவன் எந்தம்பி என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, அடிக்கட்டும்ணே, மதினிக்குப் பழக்கந்தான என்றார். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது என்று இருவரும் சத்தியம் செய்திருந்தார்களாம். ஒரே ஊருக்குப் போனாலும் தனித்தனி பஸ், தனித்தனி ஓட்டல், ரோட்டில் எதிரே கண்டால் காறித் துப்பிவிட்டுப் போவார்கள். சந்தையில் ஒரு அம்மா தனக்குக் கத்தரிக்காய் தர மாட்டேன் என்று விரட்டியதைக் கர்ணன் பட்டம் வாங்கியது மாதிரி சொல்லிச் சிரிப்பார்.

சாவுக்கு வரவில்லை என்றாயே, வந்தார். பொம்பளைகள் நாங்கள் தெருமுனை வரைக்கும்தானே போவோம், அங்கே வாழைத்தார் ஏற்றி நின்ற லாரிக்குப் பின்னால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு ஆள் நின்றார், தோளைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தாம் நாள் மத்தியானம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் வந்து உங்க அப்பா படத்துக்கு முன்னால் குப்புற விழுந்து கிடந்தார். ஏன் அன்றைக்கே உள்ளே வரவில்லை என்று கேட்டேன். மதினி, அண்ணன் செயிச்சத நெசம்னு நம்புன பெரியாளுக நாலு பேரு கம்பத்துல இருந்து மால போட வந்திருந்தாக, அவுக முன்னால நான் மாரடிச்சு அழுதா அண்ணன் செயிச்சதெல்லாம் என்னாகுறது என்றார். செத்த பிறகும் உங்க அப்பாவைத் தோற்கவிடாத மனுசனை நீ ஊரறியப் பொறாமைக்காரர் என்றாய்.

அவர் சொன்னது எல்லாமே சரி என்று நான் சொல்ல மாட்டேன். பொம்பளைப் பிள்ளைகள் மேடை ஏறக் கூடாது என்று அதே பேட்டியில் சொன்னாரே, அது தப்பு, நானே ஏறி அடித்தவள்தானே, அவரையே போனில் நன்றாகக் கேட்டுவிட்டேன். மற்றதில் என்ன குறை கண்டாய். நாற்காலியால் அடி வாங்கினவன் அடுத்த நிமிசம் எழுந்து சிரித்தால் அந்த அடிக்கு என்ன மரியாதை. உங்க அப்பா ஒரு கையை முறுக்கினதுக்கே கால் மணி நேரம் துடிப்பார், கம்பத்தில் ஒருவர் பார்க்கப் பொறுக்காமல் மேடை ஏறி, விட்ருப்பா பிள்ளகுட்டிக்காரன் என்று கர்ணன் காலைப் பிடித்தார். மூன்று பிடிதான், இன்றைக்கும் டீக்கடையில் பேசுகிறார்கள். நீ ஒரே சண்டையில் முப்பது வித்தை காட்டுகிறாய், பெற்றவள் எனக்கே மறுநாள் எது முன்னால் எது பின்னால் என்று தெரியவில்லை. தூக்கிப் போட்டு மேலே விழுந்து அமுக்கும்போது உங்க அப்பா கர்ணன் காதுக்குள், நல்லாருக்கியா தம்பி என்று கேட்பாராம், அவர் விரலை ஒருதரம் அழுத்தினால்தான் அடுத்த பிடி. நீ கேட்டாயா. அந்தப் பையனுக்கு எப்படி இருக்கிறது என்று நான் இரண்டு தடவை கேட்டேன், நீ எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்று சொன்னாய். அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே சாமி. இப்போது அடுத்த சண்டைக்கு அதைவிட உயரமான ஏணி என்கிறாய். உனக்கு ஒன்று ஆனாலும் எனக்குச் சாவுதான், உன் கையால் இன்னொருத்தி வீட்டில் ஒன்று ஆனாலும் எனக்கு அதே சாவுதான்.

அதனால் நேற்று நானே மாப்பிள்ளையைக் கூப்பிட்டுப் போனைப் பிடிக்கச் சொல்லி, ஊர் நம்புகிற பகையை விட்டுக்கொடுக்காமலே பேசிவிட்டேன். கர்ணன் எங்களுக்கு ஆகாத ஆளு, அந்தக் கருந்தேளு மூஞ்சியில முழிக்கக்கூட எனக்குப் பிடிக்காது, எங்க வீட்டுக்காரரக் குறுக்குவழியில அடிச்ச பாவி, ஆனா என் மகனப் பத்தி அந்த ஆளு சொன்னது அம்புட்டும் நெசம், எங்க வீட்டுக்காரரு இருந்திருந்தா இன்னும் நாலு வார்த்த சேத்துச் சொல்லியிருப்பாக என்றேன். மாப்பிள்ளைக்கு முகம் செத்துப்போய், அத்தே இதயா அனுப்புறது என்றார். ஒரு சொல் வெட்டாமல் இதைத்தான் அனுப்ப வேண்டும் என்றேன். உன் கம்பெனிக்காரர்கள் போட்டால் இதைப் போடட்டும், இல்லாவிட்டால் என் முகமே வேண்டாம்.

நீ முதலில் கர்ணனைப் பேசிப் போட்ட வீடியோவை நீக்கிவிடு. அந்தப் பையனை நேரில் போய்ப் பார், வெறுங்கையோடு போகாதே. பிறகு கர்ணனுக்குப் போன் போட்டுச் சித்தப்பா என்று கூப்பிடு, அவர் நாலு ஏச்சு ஏசுவார், வாங்கிக்கொள். உனக்கு நீண்ட ஆயுசும் நிதானமான புத்தியும் கிடைக்க அப்பாவே மேலிருந்து பார்த்துக்கொள்வார். மறந்துவிடாதே, ஆடி அமாவாசைக்குச் சுருளி அருவிக்கரையில் அப்பாவுக்குத் திதி கொடுக்க வேண்டும், உன் ஏணிச் சண்டையும் அதே வாரம்தான் என்று அக்கா சொன்னாள், எதற்கு வர வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கர்ணனும் வருவார். அன்றைக்குச் சுருளியில் கம்பத்து ஜனமெல்லாம் நிற்கும், அவரைக் கண்டதும் காலில் கீலில் விழுந்துவிடாதே, நன்றாக முறைத்துப் பார்.

உன் அம்மா,
சு. முனீஸ்வரி