‘ஆமா’ மட்டும் வந்த நாட்கள்

என் பிரியமுள்ள ஜமீலாக்காவுக்கு,

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. நான் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, நம் பிசியோதெரபி ஷீபா எழுதுகிறாள். வார்த்தை தட்டுகிற இடத்தில் அவள் பொறுமையாகக் காத்திருக்கிறாள். நீங்களாக இருந்தால், நீங்களே சொல்லி முடித்திருப்பீர்கள்.

பக்கவாதம் வந்து இந்த முதியோர் இல்லத்துக்கு என்னைக் கொண்டுவந்தபோது, வலது கையும் காலும் விழுந்திருந்தன. வாயில் மிஞ்சியது ‘ஆமா’ என்ற ஒரே சொல். தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஆமா, போதுமா என்றாலும் ஆமா. அஞ்சுகிராமத்தில் முப்பது வருஷம் ஜவுளிக்கடையில் நின்று பேசின வாய் அக்கா இது! “வயசாயிட்டு, இனி என்னத்துக்குப் பயிற்சி?” என்றான் என் மகன்.

அடுத்த கட்டிலில் நீங்கள். தேங்காய்ப்பட்டணத்துக்காரி, அதே நோய், உங்களுக்கு இடது பக்கம். ஷீபா சொல்லிக்கொடுப்பதை நாள் முழுக்க எனக்குத் திருப்பிச் சொன்னீர்கள்.

“ஏட்டி தங்கம், நாற்காலி நுனிக்கு வா. காலைப் பின்னால இழு. மூக்கு பெருவெரலுக்கு மேல வரணும், கேட்டியா? இப்ப எழும்பு!”

எழும்பினேன். ஷீபா பிடித்துக்கொள்ள, ஆறு எண்ணும்வரை நின்றேன்.

பிறகு அந்த மத்தியானம். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். டயப்பரில் போக எனக்குக் கூச்சம். கழிப்பறை பத்தடி தூரம்தானே என்று யாரையும் கூப்பிடாமல் எழும்பி, இரண்டாம் அடியில் விழுந்தேன். எலும்பு முறியவில்லை, நெற்றி மட்டும் கிழிந்தது.

பொறுப்பாளர் சிஸ்டர் ஓடிவந்தார். “யாரைக் கேட்டு எழும்பினீங்க? இனி பயிற்சியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். கட்டில்லயே இருங்க.”

“அவளைத் திட்டாண்டாம் சிஸ்டர்,” என்றீர்கள், சத்தத்தில் விழித்த நீங்கள். “நான்தான் எழும்பச் சொன்னேன்.”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். “அப்படியா?”

இல்லை, இல்லை என்று நெஞ்சுக்குள் கத்தினேன். வாயில் வந்தது, “ஆமா.”

அன்று சாயங்காலமே உங்களைக் கடைசி அறைக்கு மாற்றினார்கள். உங்கள் மகள் ஸஃபியாவைக் கூப்பிட்டு, அம்மா அடுத்தவர்களைத் தூண்டிவிடுகிறார் என்று சொன்னார்களாம். பழி உங்கள்மேல் போனதால் என் பயிற்சி தப்பியது.

நீங்கள் கோபிக்கவே இல்லை. காலையில் ஷீபாவின் கையைப் பிடித்து நடக்கும்போது என் வாசலில் நிற்பீர்கள். “இன்னைக்கு எத்தனை அடி?” விரலைக் காட்டுவேன். ஒரு நாள் நான் அழுதபோது, “என்னத்துக்கு மக்கா வெப்ராளப்படுதே? உனக்கு வாய் வரல்ல, எனக்கு வந்தது. அவ்வளவுதானே?” என்றீர்கள்.

அவ்வளவுதானா அக்கா?

இரண்டாவது தடவை உங்களுக்கு வந்தபோது நாங்கள் காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. நீங்கள் திரும்பவில்லை.

அதற்கு ஒரு மாதம் கழித்து ஷீபா என் தோளைத் தூக்கி, “வலிக்குதாம்மா?” என்று கேட்டாள். “இல்ல” என்றேன். அவள் கையை விட்டுவிட்டுக் கத்தினாள்: “இன்னொரு தரம் சொல்லுங்க!” அந்தச் சொல்லுக்குப் பின்னால் மற்றவை ஒவ்வொன்றாக வந்தன.

போன வாரம் சிஸ்டரைக் கூப்பிட்டேன். “ஜமீலாக்கா சொல்லல்ல. அவங்க தூங்கினாங்க. நானாத்தான் எழும்பினேன்.” சிஸ்டர் என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “தப்புப் பண்ணிட்டேனே” என்றார். ஸஃபியாவுக்கு அவரே போன் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஸஃபியா வந்தாள். எல்லாம் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். “உம்மா அப்படித்தான் மாமி. சின்னதுல நான் சட்டியை ஒடச்சாலும் தான் ஒடச்சதாத்தான் வாப்பாட்ட சொல்லும்.” அப்புறம் என் விழுந்த கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள். போகும்போது வீட்டுக்குக் கூப்பிட்டாள். வாசலில் நாலு படி இருக்கிறதாம்.

இப்போது நான் கம்பைப் பிடித்து இருபத்திரண்டு அடி நடக்கிறேன் அக்கா. நாளையிலிருந்து ஷீபா படி ஏறக் கற்றுத்தருகிறாள். யாரும் தூக்காமல் உங்கள் வீட்டு நாலு படியும் ஏறுவேன். உங்கள் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து, நீங்கள் யார் என்று என் வாயாலேயே சொல்வேன்.

உங்கள் பக்கத்துக் கட்டில் தங்கச்சி,
தங்கம்