கூடத்துச் சுவரில் மூன்றாவது சுவிட்ச்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. அங்கே நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கே நான் சௌக்கியம். அம்மாவும் சௌக்கியம் என்று டாக்டர் சொல்கிறார். அம்மாவைக் கேட்டால் கையை விரிக்கிறாள்.

முதலில் முக்கியச் செய்தி. கூடத்துச் சுவரில் இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது சுவிட்சை இனி எக்காரணம் கொண்டும் அணைப்பதில்லை என்று சென்ற திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு இந்த வீட்டில் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவன் நான். வழிமொழிய ஆள் இல்லாததால் அதையும் நானே செய்தேன். சுவிட்சின் மேல் கறுப்பு நாடா ஒட்டி, 'தொடாதே' என்று எழுதி வைத்திருக்கிறேன். அதைத் தொடக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்பதால் அறிவிப்பு உரியவர் கண்ணில் படுகிறது. முப்பத்து நான்கு வருஷம் மீட்டர் பார்த்தும், கட்டாதவர் வீட்டு ஃபியூஸைப் பிடுங்கியும் சம்பளம் வாங்கியவன், ஆள் இல்லாத அறையில் ஒரு சிவப்புப் பொட்டு எரிந்தால்கூடத் தாங்கமாட்டேன். நீ குளித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்தவன் இப்படி ஒரு தீர்மானம் போட்டால் ஏதோ நடந்திருக்கிறது என்று உனக்குப் புரிந்திருக்கும். நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்தேன், சுவிட்சைப் பற்றிப் பக்கம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவின் குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்று தேதி குறித்ததும், அவள் குரலைப் பதிந்து அனுப்புங்கப்பா என்று நீ அழுதாய் அல்லவா, மறுநாளே மைக்செட் மாமா கடையில் மிச்சமிருந்த கருவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். கூடத்தில் அந்த மூன்றாவது சுவிட்சுக்குரிய பிளக்கில்தான் அதைச் செருகினான். அக்காவுக்கு என்றால் அவனுக்குக் கால் தரையில் நிற்காது. சி.டி.க்கு இடது பக்கம் தட்டு, பேச்சைப் பதியும் சின்ன வட்டுக்கு வலது பக்கம் ஒரு வாய், நடுவில் எழுத்து ஓடும் கண்ணாடி, மீதி இடமெல்லாம் பொத்தான். எண்ணினேன், முப்பத்தொன்று. சத்தத்தின் அளவுக்கு ஒரு திருகு, எங்கிருந்து வரும் ஒலியைப் பதிவது என்று தேர்ந்தெடுக்க இன்னொன்று. ஆமாம் என்பதற்கு ஒரு பொத்தானும் இல்லை என்பதற்கு ஒரு பொத்தானும் தனித்தனியாக இருந்தன. நம் உறவினரில் யாரிடமும் நான் காணாத வசதி. ஒவ்வொன்றின் கீழும் தமிழில் சீட்டு எழுதி ஒட்டினேன். மாமா பார்த்துவிட்டு, "அத்தான், எல்லாம் சரி, பேசி முடிச்சதும் இதை அமுக்கி வட்டை வெளிய எடுத்துடுங்க, அதுவரைக்கும் கரன்ட்டுல மட்டும் கை வைக்காதீங்க" என்று கடைசிப் பொத்தானைக் காட்டிச் சொன்னான். கேட்டுக்கொண்டேன். அதற்கும் சீட்டு ஒட்டினேன். அவன் மருத்துவமனையில் இடம் பிடிக்க முன்னால் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரைக்கு அம்மா மைக் முன்னால் உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கு எரிந்ததும் என்னைப் பார்த்து, "நீங்க வெளிய போங்க, மீட்டர் பாக்குற மாதிரியே பாக்குறீங்க, எனக்குப் பேச்சு வராது" என்றாள். போனேன். ஆகையால் அவள் உனக்கு என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. கதவு வழியாகக் கேட்டதை மட்டும் எழுதுகிறேன். பேருந்து நிலைய மைக்கில் இருபத்தாறு வருஷம் பேசிய அதே குரலில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கினாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு "குட்டிம்மா" என்றாள். பிறகு குரல் தாழ்ந்துவிட்டது. இரண்டு முறை சிரித்தாள். ஒரு முறை "அந்த மனுஷன்" என்பது காதில் விழுந்தது, அது நான்தான். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பேசியிருப்பாள். முடிந்ததும் நான் உள்ளே வந்து நிறுத்தும் பொத்தானை அமுக்கினேன், அது சரியான பொத்தான்தான். அதற்குள் வாசலில் கார்க்காரன் வந்து ஹாரன் அடித்தான். பை, ஸ்கேன் உறை, பிளாஸ்க், சாவி என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கிளம்பும்போது ஒவ்வொரு முறையும் செய்வதைச் செய்தேன். கதவருகே இருக்கும் மெயினை இறக்கிவிட்டுப் பூட்டினேன். காரில் அம்மாவிடம் ஏதாவது பேசேன் என்றதற்கு, "பேச வேண்டியதெல்லாம் அதுல பேசிட்டேன்" என்றாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து வீடு திரும்பினோம். மறுநாள், அதாவது அந்தத் திங்கட்கிழமை, உனக்கு அனுப்ப சி.டி.யில் நகல் எடுக்க மாமா வந்தான். மெயினைப் போட்டு, கருவியின் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்தவன் நிமிரவே இல்லை. காலி வட்டு என்று காட்டியது. எனக்கு அவன் விளக்கியது இது. பேச்சு பதிந்துவிடுமாம், ஆனால் எது எங்கே இருக்கிறது என்ற பொருளடக்கத்தை வட்டை வெளியே எடுக்கும்போதுதான் கருவி எழுதுமாம். நடுவில் மின்சாரம் போனால் எழுதாதாம். பொருளடக்கம் இல்லாத புத்தகங்களை நான் ஆயுள் முழுக்கப் படித்திருக்கிறேன். இந்தக் கருவி அப்படிப் படிப்பதில்லை. "குரல் உள்ளதான் இருக்கு அத்தான், போறதுக்கு வழிதான் இல்ல" என்றான். பிறகு தெரிந்த இரண்டு மெக்கானிக்குகளிடமும் காட்டிவிட்டான். அவர்களும் அதையே சொன்னார்கள்.

அவன் இதை விளக்கியபோது அம்மா அங்கேயே நாற்காலியில் இருந்தாள். எழுதி அழிக்கும் பலகையை எடுத்து, 'மெயினை அணைச்சீங்களா?' என்று எழுதிக் காட்டினாள். தலையை ஆட்டினேன். துடைத்துவிட்டு, 'ஊர்ல யார் யார் வீட்டு ஃபியூஸையோ பிடுங்கினீங்க. என் வீடு ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு' என்று எழுதினாள். மாமா அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டான். மறுநாள், சொன்னதையெல்லாம் காகிதத்திலாவது எழுதிக் கொடு, அனுப்பிவிடுகிறேன் என்று ஒரு நோட்டு வாங்கி வைத்தேன். பேனாவைத் திறந்தாள். 'அதெல்லாம் எழுதறதுக்கு இல்ல' என்று ஒரு வரி எழுதி நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டாள். நீ போனில் இரண்டு முறை கேட்டபோதும் நாளை அனுப்புகிறேன் என்றேனே, அது பொய். அனுப்ப ஒன்றும் இல்லை.

நீ அவசரப்பட்டு விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிவராதே. காயம் ஆற இன்னும் ஆறு வாரம் ஆகும், அதற்குப் பிறகு வந்தால் அவளுக்கும் நன்றாக இருக்கும். குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. என்மேல் கோபப்படு, அதில் தவறில்லை, ஆனால் அதை எனக்குத் தனிக் கடிதத்தில் எழுது, அம்மா பார்க்க வேண்டாம். நீ நல்லபடியாக, நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் நினைத்துக்கொண்டே இருக்கிறோம்.

உன் அப்பா

மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் காலை எட்டு மணிக்குக் கூப்பிடு. நான் எடுத்து அம்மா காதில் வைக்கிறேன். ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்படியாகக் கேள். ரிசீவரை விரலால் ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை.