ஒரே தெருவில் மூன்று வெயிலுகந்தாள்

கோவில்பட்டி
வெள்ளிக்கிழமை, மதியம்

அன்புள்ள மகள் வெயிலுகந்தாளுக்கு,

அம்மா காளீஸ்வரி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உன் அப்பா உயிரோடு இருக்கிறார். பெங்களூர்க் குளிரில் பிடித்த சளி விட்டதா? அனுப்பிய கடலைமிட்டாய் வந்து சேர்ந்ததா? கொரியர்க்காரன் நொறுக்கித்தான் கொடுத்திருப்பான், அதற்காகத் தூரப் போட்டுவிடாதே.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். உன் அப்பா இப்போது வீட்டைவிட்டு அசைவதில்லை. வீட்டில் இருப்பது ஒரே போன், அடித்தால் அவர்தான் பாய்ந்து எடுக்கிறார். அதனால்தான் தீப்பெட்டி ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில், பசை காயாத கையோடு எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை உன் அப்பா தூங்கும்போது பார்த்தேன். உன் பேரை நெட்டில் போட்டுத் தேடியிருக்கிறாய். அர்த்தம் கிடைக்கவில்லை, எங்கிருந்து வந்தது தெரியவில்லை, எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற இடத்தில் ஒரு கோடு. "இப்படி ஒரு பேரு உலகத்துலயே இல்லம்மா, இங்க ஒருத்தர் வாயிலயும் நுழையல, கெஜட்ல மாத்தப் போறேன்" என்று வாய்ஸ் வேறு. இரு மகளே, கொஞ்சம் இரு. நெட்டுக்காரனுக்குத் தெரியாத அந்த மூன்றையும் நான் சொல்கிறேன்.

அர்த்தம் என்ன பெரிய அர்த்தம். வெயிலை உகந்தவள், வெயிலை விரும்பி ஏற்றுக்கொண்டவள். சித்திரை மாதம் நம் கரிசல் காட்டில் வெறுங்காலோடு நின்று பார்த்தவருக்குத்தான் அது எவ்வளவு பெரிய பேர் என்று விளங்கும். சாமிக்கு வைத்த பேர். பிள்ளைக்கு வைக்க யாருக்கும் மனசு வராது. நம் ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது. ஆடு மேய்க்கும் நந்தகோபாலின் தங்கை அவள். கட்டிக்கொடுக்கவில்லை. இதே ஆபீஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்குவாள். வாய் ஓயாது. கங்காணியைக் கூட "ஏலே" என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

இனி எங்கிருந்து வந்தது என்பது. நீ என் வயிற்றில் ஏழு மாதம். நந்தகோபாலின் ஆடுகள் நம் உளுந்துக் காட்டில் இறங்கிவிட்டன. ஆடு மேய்ந்ததற்குப் பஞ்சாயத்தில் தண்டம் போட்டிருக்கலாம், நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். ஆனால் உன் அப்பா, கொம்பையா மாமா, மாரிசெல்வம் சித்தப்பா மூன்று பேரும் அரிவாளோடு ஆட்டுக் கிடைக்குப் போனார்கள். தடுக்கலாம் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன். பொழுது மசங்கும் நேரம். நந்தகோபால் கிடையில் குனிந்து குட்டிக்குப் பால் ஊட்டிக்கொண்டிருந்தார். அண்ணனுக்குச் சோறு கொண்டுவந்தவள் ஓடிவந்து குறுக்கே நின்றாள். இருட்டில் ஆள் தெரியாமல் வெட்டிவிடுவார்கள் என்று நினைத்தாள் போல. பேரைச் சொன்னாள். "நான் வெயிலுகந்தா நிக்கேன். நல்லாப் பாருங்கலே, உங்க கூடப் படிச்ச வெயிலுகந்தா" என்றாள்.

ஆள் தெரிந்துதான் வெட்டினார்கள். முதல் வெட்டு உன் அப்பாவுடையது. தூக்குச்சட்டியைத் தூக்கித் தடுத்தாள், சட்டியும் மணிக்கட்டும் சேர்ந்து போயின. அடுத்தது கழுத்தில். விழுந்த பிறகும் விடவில்லை. கரிசல் மண்ணில் ரத்தம் சிவப்பாகத் தெரியாது மகளே, ஈரமாக மட்டும்தான் தெரியும். சோறு சிதறிக் கிடந்த இடம்தான் சிவப்பாக இருந்தது. நந்தகோபால் அவளை மடியில் போட்டுக்கொண்டு எழுப்பிய சத்தம் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

பக்கத்துக் காடுகளில் நின்று பார்த்த நாலு பேரும் கோர்ட்டில் பார்க்கவில்லை என்றார்கள். மூன்று பேரும் விடுதலை. ஆனால் ஊர் தனியாக ஒரு தீர்ப்பு வைத்திருந்தது. நம் ஆட்களுக்குள் ரொம்ப காலமாக உள்ள வழக்கம். பழி வாங்க நிற்கும் வீட்டார் அரிவாளைக் கீழே வைக்க வேண்டுமானால், வெட்டின வீட்டில் அடுத்துப் பிறக்கும் பெண்ணுக்குச் செத்தவள் பேரை வைக்க வேண்டும். சுருக்கக்கூடாது, மாற்றக்கூடாது. அந்தப் பேர் கேட்கும் வாசலில் அரிவாள் ஏறாது.

உனக்குப் பேர் வைத்த அன்று நந்தகோபால் வந்தார். இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்து உன் தொட்டிலுக்கு அடியில் வைத்தார். உன்னை வாங்கிக் காதில் மூன்று தரம் பேரைச் சொன்னார். பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சத்தமாக் கூப்பிடுங்க மதினி, எங்க வீடு வரைக்கும் கேக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாயே. நம் தெருவில் மூன்று பேருக்கு வைத்தது. வேறெங்கும் இல்லை. பள்ளிக்கூடத்தில் உங்கள் மூன்று பேரையும் எப்படிக் கூப்பிடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? ச. வெயிலுகந்தாள், கொ. வெயிலுகந்தாள், மா. வெயிலுகந்தாள். முன்னால் இருந்த எழுத்து வெட்டினவனுடையது, பின்னால் இருந்த பேர் வெட்டுப்பட்டவளுடையது. வாத்தியார் தினமும் காலையில் அதைத்தான் வாசித்தார். நீ ஒரே பேர் என்று சிரித்துக்கொண்டு வந்து சொல்வாய், நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன்.

"அப்பா ஒரு தடவகூட என்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, அவியளுக்கு என்னப் புடிக்காது" என்று எத்தனை நாள் அழுதிருக்கிறாய். பாப்பா என்பார், ஏட்டி என்பார், அதோடு சரி. பிடிக்காமல் இல்லையடி. அந்தப் பேர் அவர் தொண்டையைத் தாண்டாது. இருபத்துச் சொச்ச வருஷமாக இந்த வீட்டில் அதைக் கூப்பிட்டது நான் ஒருத்திதான். உன்னைக் கூப்பிட்டபோதெல்லாம் அவளையும் சேர்த்துத்தான் கூப்பிட்டேன்.

கொம்பையா மாமா ஏதோ தகராறில் செத்துப்போனார் என்று போனில் சொன்னேன் அல்லவா. நடந்ததைச் சொல்லவில்லை. அவர் மகள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போனதும் பேரைத் தன்விகா என்று மாற்றிக்கொண்டாள். கல்யாணப் பத்திரிகையிலும் அதே பேர். ஊரில் ஒரு வீடு விடக்கூடாது என்று கொம்பையா வெற்றிலை பாக்கோடு நந்தகோபால் வீட்டுக்கும் போயிருக்கிறார். புத்தி கெட்ட மனுஷன்! நந்தகோபால் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "எந்தப் புள்ளைக்குக் கல்யாணம்?" என்று கேட்டாராம். "எம் மக தன்விகாவுக்கு." திரும்பவும் கேட்டாராம். திரும்பவும் தன்விகா. மூன்றாம் தரம் கேட்டபோது இவர், "படிச்ச புள்ள, பேர மாத்திட்டா அண்ணாச்சி, காலம் மாறுதுல்லா" என்று சிரித்தாராம். கூடப் போயிருந்த கொம்பையா பெண்டாட்டி உமாராணி தலையில் அடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் வேன் ஊருக்குப் பிரியும் விலக்கு ரோட்டில் என்னை இறக்கிவிட்டது. கொம்பையா டீக்கடை பெஞ்சில் இருந்தார். நந்தகோபால் ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். முதல் வெட்டு தோளில் இறங்கியது. கொம்பையா டீ கிளாசோடு எழுந்து ஓடினார். ரோட்டில் காயப்போட்டிருந்த மக்காச்சோளத்தில் கால் வழுக்கி விழுந்தார். நந்தகோபால் அங்கேயே வைத்து வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் அந்தப் பேரைச் சொன்னார். சோளத்தில் தெறித்த ரத்தம் என் சேலையிலும் பட்டது. எல்லாம் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்தவர், போலீசுக்குப் போன் போடச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "மதினி, உங்க வெயிலுகந்தா நல்லாருக்காளா?" என்று கேட்டார். ஓர் அண்ணன் தங்கையை விசாரிப்பது போலத்தான் கேட்டார். நல்லா இருக்கா என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் ஜெயிலுக்குப் போய்விட்டார். மகன்கள் இரண்டு பேர் வெளியே இருக்கிறார்கள். நம் வாசல் வழியாகத்தான் ஆடு பத்திக்கொண்டு போகிறார்கள்.

உன் அப்பா இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? ஆட்டு மணிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி, "வெயிலுகந்தா! ஏட்டி வெயிலுகந்தா!" என்று தெருவே கேட்கக் கத்துகிறார். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. நீயோ பெங்களூரில். பெற்ற பிள்ளையை ஒருநாளும் கூப்பிடாத வாய், உயிர்ப்பயத்தில் தினமும் கூப்பிடுகிறது. பையன்கள் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு அந்த மனுஷனைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது, காறித் துப்பவும் தோன்றுகிறது.

விஷயம் இதுதான். நீ கெஜட்டில் மாற்றினால் அடுத்தது உன் அப்பா. ஒளிக்கவில்லை. அவர் செய்ததை நீ ஏன் காலமெல்லாம் சுமக்க வேண்டும் என்று கேட்டால், நியாயம்தான். அவரைக் காப்பாற்று என்று உன் காலில் விழவும் எனக்கு மனசில்லை, விட்டுவிடு என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. கட்டிக்கொண்டவள் நான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்கியவளும் நான்தான்.

ஒன்று மட்டும் செய். இது கையில் கிடைத்ததும் வீட்டுக்குப் போன் போடு. அவர்தான் எடுப்பார். யாரு என்பார். பாப்பா என்று சொல்லாதே. நான் வெயிலுகந்தா பேசுதேன் என்று சொல். சொல்லிவிட்டுப் பேசாமல் இரு. அன்றைக்கு அவள் பேரைச் சொன்னபோது அவர் வாயால் பதில் சொல்லவில்லை. இப்போதாவது சொல்லட்டும். அதைக் கேட்ட பிறகு பேரை மாற்றுவதும் வைத்திருப்பதும் உன் இஷ்டம்.

வேளைக்குச் சாப்பிடு. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு படுக்காதே. எங்கே போனாலும், எந்தப் பேரில் போனாலும், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அவளுக்குக் கிடைக்காத ஆயுசையும் சேர்த்து நீயே வாழ வேண்டும்.

உன் அம்மா,
காளீஸ்வரி