கடையைக் கட்டிடலாம்

திருப்பாதிரிப்புலியூர்,
12.3.2012

தம்பி பாலகுமாருக்கு,

அண்ணி புஷ்பவள்ளி எழுதுவது. ‘அன்புள்ள’ என்று போடக் கை வரவில்லை. இங்கே நலமில்லை. பெங்களூரில் நீங்கள் நலமா என்று அறியும் ஆவலும் இப்போதைக்கு எனக்கில்லை. போனில் பேசிப் பட்டது போதும் என்றுதான் கடிதம்.

தானே புயல் நம் ஓட்டலின் கூரையை வாரிக்கொண்டு போனது உங்களுக்குத் தெரியும். ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரத்தில் உங்கள் மாமியார் வீடு வரை வந்தீர்கள். பஸ் ஏறினால் கடலூர். எட்டிப் பார்க்கவில்லை. போன் மட்டும் செய்து, “அண்ணி, கடையக் கட்டிடலாம்னு இருக்கேன், நீங்க இன்னா சொல்றீங்க?” என்றீர்கள். தார்ப்பாய்க்கடியில் இட்லி அவித்துக்கொண்டிருந்தவளுக்கு அது வேறு எப்படிக் கேட்கும்? புதிதாகக் கட்டித் தரப்போகிறார் என்று நினைத்து, “கட்டிடுங்க தம்பி, புண்ணியமாப் போவும்” என்றேன். அன்று சாப்பிட வந்தவர்களுக்கெல்லாம் கேசரி வேறு கிண்டிப் போட்டேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

கடையை இழுத்து மூடுவதைத்தான் சொல்லியிருக்கிறீர்கள் என்பது, போன வாரம் பில்டர் ஜே.சி.பி.யோடு வந்து நின்றபோதுதான் புரிந்தது. “அம்மா சம்மதிச்சிட்டாங்கன்னு சார் சொன்னாரே, மூணு மாடி காம்ப்ளெக்ஸ் வருது” என்றார் அந்த ஆள். என் பங்குக்கு மேல்மாடியில் ஒரு வீடாம். மூன்றாவது மாடியில் உட்கார்ந்து நான் யாருக்குச் சோறு போடுவது?

காதில் தப்பாக விழுந்துவிட்டது என்று நீங்கள் தப்பித்துக்கொள்ளலாம். என் காது தப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். புண்ணியமாகப் போகும் என்று ஒருத்தி வாழ்த்துகிறாளே, கடையை மூடுவதில் இவளுக்கு என்ன புண்ணியம் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? தோன்றியிருக்கும். கேட்டால் காரியம் கெடும் என்று வாயை மூடிக்கொண்டீர்கள்.

வண்டி ஓட்டி வந்தவன் அந்தோணிசாமி. தினமும் நம் கடையில் கத்தரிக்காய் கொத்சு ஊற்றி இட்லி சாப்பிடுகிறவன். அடுப்பைப் பார்த்ததும் இறங்கிவிட்டான். “எரியிற அடுப்பு மேல வண்டிய ஏத்தமாட்டேன் சார், அது அணையட்டும்” என்று சொல்லிவிட்டு இலை போட்டு உட்கார்ந்தான். பில்டர் கத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

அதிலிருந்து அடுப்பை நான் அணையவிடவில்லை. நானும், மாவரைக்கும் கொளஞ்சியம்மாளும் மாற்றி மாற்றித் தணலைப் பார்த்துக்கொள்கிறோம். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் விறகு கொண்டுவந்து போடுகிறார்கள். புயல் சாய்த்த பலாவும் முந்திரியும் ஊரெல்லாம் கிடக்கின்றன. விறகு தீரும் என்று காத்திருக்காதீர்கள்.

உங்கள் அண்ணன் போனபோது, “கடைய விட்டுடாத புஷ்பா” என்று மட்டும்தான் சொன்னார். நீங்களும் பக்கத்தில்தான் நின்று அழுதீர்கள். அந்த அழுகையை நம்பினேனே, அந்தக் கோபம்தான் எனக்கு ஆறவில்லை.

மூடித்தான் ஆகவேண்டும் என்றால் ஆள் அனுப்பாதீர்கள். நீங்களே வாருங்கள். முதலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பசியோடு வந்தவரை அப்படியே அனுப்பும் வழக்கம் இந்தக் கடையில் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவுகிற தண்ணீரை எடுத்து, உங்கள் அம்மா பற்றவைத்த அடுப்பில் உங்கள் கையாலேயே ஊற்றுங்கள். நான் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விடுகிறேன். அது முடியாதென்றால், பில்டரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். அதற்கு இரண்டு அர்த்தம் கிடையாது.

மூத்தவள் ஆசீர்வதிக்காமல் முடிக்கக் கூடாது. உங்கள் வீட்டு அடுப்பு என்றைக்கும் எரியட்டும். அதை அணைக்க உங்கள் சொந்தத்தில் யாரும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தார்ப்பாய்க்கடியிலிருந்து,
உங்கள் அண்ணி
புஷ்பவள்ளி