திகதி போடாத மனு

வெள்ளவத்தை,
14.09.2025

மகள் தர்ஷிகாவுக்கு,

புதுக்கடை நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடமாக உரைபெயர்ப்பாளராக இருக்கும் உன் தகப்பன் இராஜநாயகம், உன்மேல் எனக்குள்ள ஆட்சேபனையைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன். இங்கு எவருக்கும் காய்ச்சலில்லை. அதற்குமேல் நலம் என்று எழுத மனம் ஒப்பவில்லை. மெல்பேர்னில் குளிர் குறைந்துவிட்டதென்று அம்மா சொன்னாள்.

உன் தம்பி மிதுஷன் தவணைப் பரீட்சையில் கணிதத்துக்குப் பதினெட்டுப் புள்ளி எடுத்துவிட்டு, கொட்டாஞ்சேனையில் கூட்டாளி முஸ்அப்பின் வீட்டில் ஐந்து நாளாக இருக்கிறான். எனக்குச் சொல்லப்பட்டது, சேர்ந்து படிக்கிறார்கள் என்று. நேற்று நான் புள்ளி அட்டையைக் கேட்ட பிறகே அம்மா உண்மையைச் சொன்னாள். முதல் நாளே அவன் உன்னோடு கதைத்திருக்கிறான், அங்கேயே நில், அப்பாவுக்கு இப்போது சொல்லாதே என்று நீயும் சொல்லியிருக்கிறாய். பதினாறு வயதுப் பிள்ளை இடிந்துபோனால் தகப்பன் இங்கிருக்க, கடல் கடந்திருந்து உத்தரவு போட நீ யார்? மனக்குறை உள்ளவர் அதை என்னிடம் எழுதித் தரவேண்டும் என்பது இந்த வீட்டு விதி. எழுதினால் அழுகை அடங்கும், பொய் குறையும். அந்த விதியை நீ அவனுக்குச் சிரிப்பாக்கியிருக்கிறாய். நேற்றுப் பின்னேரமே அவனைக் கூட்டிவரப் போனேன். முஸ்அப்பின் தாய் ஜவாஹிறா வாசலை மறித்து, புள்ள இப்பதான் சோறு தின்ட, கோவத்த வெளிய வெச்சிட்டு உள்ளுக்கு வாங்க சேர் என்றார். என் மகனைக் காண எனக்கு நிபந்தனை. உள்ளேயிருந்து அவன், குரலை உயர்த்தாமல், "எழுத்தில தரட்டோ அப்பா? திகதி போட்டே தாறன்" என்றான். முஸ்அப் சிரித்தான். நான் திரும்பி வந்துவிட்டேன்.

திகதிக் கதையை உன்னைத் தவிர வேறு யார் அவனுக்குச் சொல்லியிருக்க முடியும்? வந்ததும் பழைய கோவையை எடுத்தேன். பதினைந்து வயதில் நீ தந்த தாள் அதில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒருவரும் என்னோடு கதைப்பதில்லை, காலையில் சாப்பிட்டது சத்தியாக வெளியே வருகிறது, என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாய். கீழே என் சிவப்பு மையில்: திகதி இல்லை, திருத்தித் தரவும். நீ திரும்பத் தரவில்லை, நானும் விடயம் தீர்ந்ததென்று எடுத்துக்கொண்டேன். அந்த வருடம் நீ நுகேகொடை வகுப்புக்குப் போவதாகச் சொன்ன பின்னேரமெல்லாம் அந்த வகுப்புக் கூட்டாளி ரிஸ்னா வீட்டில் இருந்தாயாம். அதையும் அம்மா நேற்றுத்தான் சொன்னாள். நீ போன வழியையே தம்பிக்கும் காட்டியிருக்கிறாய்.

இதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ மறைத்தது பிழை, அதில் மாற்றமில்லை. நீ எடுக்கப்போகும் வீட்டின் வாடகை ஒப்பந்தத்தை முழுவதும் வாசித்த பிறகே கையெழுத்திடு. காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே. கடவுள் உனக்கு ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும்.

நாளை ஐந்து மணிக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போவேன். பேனையை வீட்டில் வைத்துவிட்டு, அவன் வாய் திறக்கும்வரை ஜவாஹிறா காட்டும் கதிரையில் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
க. இராஜநாயகம்