புது எண்ணெயைப் பழசாக்க மாட்டேன்

புக்கிட் மேரா,
செவ்வாய், சாயங்காலம்

அன்பு மகன் அசோக்கிற்கு அம்மா எழுதுவது. காளியம்மா புண்ணியத்தில் நானும் அப்பாவும் கைகால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அந்த ராட்டர்டாமில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன், உன் மேல் கோபமாக இருக்கிற இந்த மூன்று நாளும் சேர்த்துத்தான். அப்பாவின் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. பாலிகிளினிக்கில் தினமும் நடக்கச் சொன்னார்கள், அவர் புளோக்குக் கீழே இருக்கிற கோப்பிக் கடைவரை நடந்து போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து அதை உடற்பயிற்சி என்கிறார். உன் அக்கா தாரணி ஜூரோங் வீட்டில் சமையலறையை இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள், அதனால் அவர்கள் எல்லோருக்கும் இந்த மாதம் நம் கடைச் சாப்பாடுதான். சனிக்கிழமை நீ பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கு அழுகை வரும், அழுதால் சொல்ல வந்தது போய்விடும். அதனால் எழுதுகிறேன். தாரணி இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். எழுத்து கிறுக்கலாக இருந்தால் பெரிதாக்கிப் படி, புரியவில்லை என்று மட்டும் சொல்லாதே.

போன தீபாவளிக்கு வந்திருந்தபோது கூடத்தில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே நீ சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "இந்த ஊர்ல ஒரு சொட்டு எண்ணெய் தோண்டி எடுக்க முடியாதும்மா, எல்லாம் கப்பல்ல வருது, கப்பல் நின்னா நாமளும் நின்னுடுவோம்" என்றாய். நம் கடையில் வடை சுட்டுக் கழித்த எண்ணெயை உன் கம்பெனி மாதிரி ஆட்கள் வாங்கிச் சுத்தம் பண்ணினால் பஸ் ஓடும், விமானம்கூடப் பறக்கும், அப்படி ஓடுகிற ஒவ்வொரு லிட்டரும் அடுத்த நாட்டுக்காரனிடம் கையேந்தாத லிட்டர் என்றாய். கார் வைத்திருந்த காலத்தில் விலை குறைவு என்று எல்லை தாண்டி ஜோகூர் போய்ப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு வந்த ஆள் உன் அப்பா, அவரே அன்றைக்கு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது மனசில் ஒட்டிக்கொண்டது. எங்கேயோ ஒரு கடலில் சண்டை என்றால் இங்கே தேக்கா மார்க்கெட்டில் மீன் விலை ஏறுகிறது, காய்கறி கொண்டுவருகிற வேன்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். நம்மால் என்ன ஆகப்போகிறது என்று இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டு இருந்தவள் நான். கடைக்குப் பின்னால் நிற்கிற டிரம்மால் ஏதோ ஆகும் என்று நீ சொன்னதும் அடுத்த வாரமே நம் தெருவில் ஐந்து கடை ஏறி இறங்கினேன். உன்னோடு பாலிடெக்னிக்கில் படித்த அர்ஜுன் பழைய எண்ணெய் வாங்கி உங்களுக்கு அனுப்புகிற கம்பெனி வைத்திருக்கிறான், எல்லோரும் அவனுக்கே கொடுங்கள் என்று கேட்டேன். பக்கத்துச் சாப்பாட்டுக் கடை நெய்னா முகம்மது பாய் பல வருஷமாக வேறு ஆளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர். "அக்கா நீங்க சொன்னா சரி லா, எனக்கு வேற ஒண்ணும் தெரிய வேண்டாம்" என்று மறுநாளே மாற்றினார்.

அர்ஜுன் முதலில் ஒழுங்காகத்தான் வந்தான், வாரா வாரம் டிரம்மை எடுத்துக்கொண்டு போனான். பிறகு ஒரு நாள் பின்சந்தில் லாரியை நிறுத்தி எட்டு டின் புதுப் பாமாயில் இறக்கினான். "ஆண்ட்டி, இது ஃப்ரீ. இதுல ஒரே ஒரு ஈடு வடை போடுங்க, போதும். சாயங்காலம் நானே வந்து எடுத்துக்கறேன்" என்றான். மகனுடைய சிநேகிதன் பாசத்தில் செய்கிறான் என்று நானும் வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தினமும் புது எண்ணெய்! வடை பொன் நிறத்தில் வந்தது, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிற ஷிப்யார்டு தம்பிகள் இரண்டாவது தட்டு கேட்டார்கள், நான் கல்லாவில் உட்கார்ந்து என்னையே மெச்சிக்கொண்டேன். எட்டு டின் பதினைந்தாகி, மூன்றாவது வாரம் முப்பது ஆனது. அப்போது அவன் வடைகூட வேண்டாம் என்றான். சட்டியின் அடியில் தங்குகிற கருகலில் ஒரு கரண்டி போட்டு, பழைய எண்ணெய் கொஞ்சம் கலந்து, சூடு பண்ணி நிறம் மாறினால் போதுமாம். நம் மாஸ்டர் செல்லக்கண்ணு கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா, முப்பது டின்னுக்கு நாம வடை சுட்டா செராங்கூன் ரோடு மொத்தமும் உக்காந்து தின்னாலும் தீராது. இந்தத் தம்பி புது எண்ணெயப் பழசாக்கி விக்கிறாரு, அதுக்கு நம்ம அடுப்பு" என்றார். அந்த நிமிஷம்தான் என் மண்டையில் உறைத்தது. கழிவு எண்ணெயில் செய்தால் அங்கே சலுகை உண்டு என்று உன் கம்பெனி பழைய எண்ணெய்க்குப் புதியதைவிட அதிக விலை கொடுக்கிறது, அதனால் புதிதை என் சட்டியில் காட்டிவிட்டுப் பழையது என்று கப்பலேற்றுகிறான். மூன்று வாரம் நானும் உடந்தையாக இருந்திருக்கிறேன்.

நீ பதறிப்போவாய், அவனை உடனே நிறுத்துவாய் என்று நினைத்துத்தான் சனிக்கிழமை உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய்? "எல்லாரும் பண்றதுதாம்மா. பேசாம இருங்க. ஆகஸ்ட்ல எனக்கு ப்ரோமோஷன் வருது. நீங்க வடை போடறத மட்டும் பாருங்க" என்றாய். நான் விடாமல் கேட்டதும்தான் மிச்சமும் வெளியே வந்தது. இவ்வளவு சின்னத் தெருவிலிருந்து இவ்வளவு எண்ணெய் எப்படி வருகிறது என்று உன் ஆபீசில் ஒருவர் கேட்டாராம். நீல டிரம் பக்கத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தை நீ காட்டி, இது என் அம்மா கடை, எனக்குத் தெரியும் என்றாயாம், அதோடு அவர் வாயை மூடிக்கொண்டாராம். அடப்பாவி, தீபாவளிக்கு வந்தபோது நீ கடையில் அந்தப் படம் எடுக்க நான் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றேன். அதை எதற்குப் பயன்படுத்தினாய் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. வடை போடுவதை மட்டும் பார் என்றாயே, வடை போடுகிறவளுக்குத் தெரியாத எண்ணெயா உன் கம்ப்யூட்டருக்குத் தெரியப்போகிறது?

கொஞ்சம் யோசித்துப் பார். அந்தப் பாமாயிலும் இந்த மண்ணில் விளைந்ததில்லை, அதுவும் வெளியிலிருந்துதான் வந்தது. வெளி எண்ணெயைக் குறைக்கிறோம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு, வெளியிலிருந்தே எண்ணெய் வாங்கி, அதை என் அடுப்பில் அழுக்காக்கி, மறுபடி கப்பலேற்றுவது என்ன பிழைப்பு? நாளைக்கு நிஜமாகவே கப்பல் நின்றால், கழிவு எண்ணெய் இவ்வளவு கிடைக்கும் என்று உங்கள் கணக்கை நம்பி இருக்கிறவர்கள் எங்கே போவார்கள்? நான் பள்ளிக்கூட ஓ லெவலைத் தாண்டாதவள், எனக்கே இது தெரிகிறது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உனக்கேன் இந்த வேண்டாத வேலை, பையன் வேலை போயிடும்" என்று டிவி சத்தத்தைக் கூட்டினார். நான் போய் டிவியை அணைத்தேன்.

நேற்றுக் காலை லாரி வந்தது, நாற்பது டின்னோடு. பின்கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒரு டின்கூட இறக்க விடவில்லை. அர்ஜுன் முதலில் சிரித்தான், அப்புறம் ஆண்ட்டி ஆண்ட்டி என்று கெஞ்சினான், கடைசியில், "உங்க பேரும்தான் கெடும், கடைய மூட வச்சிடுவாங்க, யோசிச்சுக்குங்க" என்றான். "மூடட்டும் லா, முப்பத்திரண்டு வருஷம் நின்னாச்சு, கொஞ்ச நாள் உக்காந்துதான் பாக்கறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தெருவே எட்டிப் பார்த்தது, பார்க்கட்டும். சாயங்காலம் நெய்னா பாய் கடைக்கு நானே போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர், "வேற யாராச்சும் சொல்லி நான் கேட்டிருந்தா வருத்தப்பட்டிருப்பேன்க்கா" என்று சொல்லி ஒரு தே தாரிக் நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தார். எங்கள் ஆறு கடைக்கும் சேர்த்து வாரத்துக்கு நாலு டிரம்தான் கழிகிறது. அந்த நாலை மட்டும் எடுத்துக்கொண்டு போகிற ஆளாகப் பார்த்துக் கொடுப்பது என்று அவரும் நானும் பேசி முடித்துவிட்டோம். மற்ற கடைக்காரர்களிடம் நாளைக்குப் போகிறேன்.

இப்போது உன் விஷயம். இந்த எண்ணெயையெல்லாம் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற அலுவலகத்திலிருந்து ஹனீன் என்று ஒரு பெண் இன்று மத்தியானம் போன் செய்தாள். நாங்கள் எவ்வளவு கொடுக்கிறோம் என்று நேரில் பார்க்க வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைக்கு வருகிறாள். அவளிடம் முதலில் மூன்று வாரம் நான் செய்ததைச் சொல்வேன். அப்புறம் அர்ஜுன் செய்தது. அப்புறம் அந்தப் படத்தைப் பற்றியும், அதை நீ யாரிடம் காட்டினாய் என்பதையும் சொல்வேன். பெற்ற பிள்ளையின் பெயரைச் சொல்லும்போது எனக்கு நாக்கு குழறும், ஆனாலும் சொல்வேன், அதை நீ உன் அக்காவை விட்டோ அப்பாவை விட்டோ நிறுத்த முடியாது. உனக்குப் புதன்கிழமை முழுதாக இருக்கிறது. காலையில் போய் உன் மேலதிகாரி முன்னால் உட்கார்ந்து நீயே எல்லாவற்றையும் சொல்லிவிடு. வேலை போனால் போகட்டும். வக்கீல் வைக்க வேண்டி வந்தால் வைப்போம். ஊருக்கு வர வேண்டி வந்தால் வா, உன் அறையில் அப்பா போட்டு வைத்திருக்கிற பழைய பேப்பரை எல்லாம் நானே எடுத்து வெளியில் போடுகிறேன், கடையில் தோசைக்கல்லுக்கு ஆள் பற்றவில்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று பயப்படாதே, அந்த நாலு பேரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே, நாளைக்கு முக்கியமாக. இரண்டு ரொட்டியாவது தின்றுவிட்டுப் போ. சொல்லி முடித்ததும் இங்கே எந்த நேரமாக இருந்தாலும் எனக்கு ஒரு வரி அனுப்பு, போனைத் தலைமாட்டில்தான் வைத்திருப்பேன். வியாழன் காலை அந்தப் பெண் உன் பெயரை எழுதப் பேனாவை எடுக்கும்போது, "அவன் நேத்தே போய்ச் சொல்லிட்டான்மா" என்று நான் சொல்ல வேண்டும் அசோக். அந்த ஒரு வார்த்தையை எனக்குக் கொடுத்துவிடு.

எல்லா நலமும் பெற்று, யார் முகத்தையும் நேராகப் பார்த்து நீ நூறு வயது வாழ வேண்டும்.

உன் அம்மா,
நாகம்மா அண்ணாதுரை